புள்ளியைத் தொலைக்காமல் இருப்பது

வணக்கம் ஐயா,

சிறுகோள்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பரில் பூமியில் மோத ஒரு சதவீத வாய்ப்பு என்றார்கள். பிறகு மூன்று சதவீதம் ஆனது. அடுத்த சில நாட்களில் ஆபத்தே இல்லை என்று முடித்துவிட்டார்கள். மங்கலான ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எட்டு வருடம் கழித்து நடப்பதை எப்படிச் சொல்கிறார்கள்? முதலிலேயே சரியாகக் கணக்குப் போட்டிருக்கக் கூடாதா? பயமுறுத்தி நிதி வாங்கும் வேலை என்கிறார்கள் என் நண்பர்கள்.

கவிதா

அன்புள்ள கவிதா,

ஒன்று, மூன்று, பூஜ்யம் எல்லாமே அந்தந்த நாளில் சரியான கணக்குகள்தான். ஏன் என்று புரிய முதல் சிறுகோளிலிருந்தே தொடங்க வேண்டும்.

1801 ஜனவரி 1 இரவு, சிசிலித் தீவின் பலெர்மோவில் ஜியூசெப்பே பியாஸி நட்சத்திரப் பட்டியலுக்காக வானத்தை அளந்துகொண்டிருந்தார். பட்டியலில் இல்லாத ஒரு மங்கலான புள்ளி கண்ணில் பட்டது. மறுநாள் அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதுதான் சீரிஸ். பிப்ரவரி 11 வரை 24 முறை அதன் இடத்தைக் குறித்து வைத்தார். அதற்குள் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. புள்ளியும் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. மறுபடி வெளியே வரும்போது எங்கே தேடுவது? 24 வயது ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் காஸ், மூன்றே அளவீடுகளிலிருந்து சுற்றுப்பாதையைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். அவர் சொன்ன இடத்தை ஒட்டியே, அந்த ஆண்டின் கடைசி நாளில் சீரிஸ் மீண்டும் அகப்பட்டது.

இந்தத் துறையின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரு வருடத்தில் இருக்கிறது. சிறுகோளைக் கண்டுபிடிப்பதைவிட அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது கடினம். தொலைநோக்கிப் படம் திசையைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. ஒரு படத்திலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கும். சுற்றுப்பாதையை எழுத ஆறு எண்கள் வேண்டும்.

இன்று அரிசோனாவின் காட்டலினா ஸ்கை சர்வே, ஹவாயின் பான்-ஸ்டார்ஸ், சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூடத் தொலைநோக்கிகள் வைத்திருக்கும் அட்லஸ் போன்றவை இரவெல்லாம் வானத்தைத் துழாவுகின்றன. பொதுவாக ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் நான்கு முறை படமெடுப்பார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் ஒரே சீராகத் தள்ளித் தள்ளி நிற்கும். மென்பொருள் அதைப் பொறுக்கித் தரும், கூடவே போலிகளையும் தரும்: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் விட்ட தடம், பழுதான பிக்சல், பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றிய ஒளிச்சிதறல். காட்டலினாவில் இன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்து நான்கு படங்களையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, நிஜத்தைத் தனியே பிரித்தெடுக்கிறார். நள்ளிரவு தாண்டியும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் செய்யும் இந்த வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அவர் அனுப்பும் அளவுகள் சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் அமெரிக்காவின் மைனர் பிளானட் சென்டருக்குப் போகும். அங்கிருந்து உலகம் முழுக்கத் தகவல் பரவி, அமெச்சூர் வானியலாளர்கள் உட்படப் பலரும் அந்தப் புள்ளியைத் துரத்தத் தொடங்குவார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒய்ஆர்4-ஐ சிலியிலுள்ள அட்லஸ் 2024 டிசம்பர் 27 அன்று கண்டது. அதற்கு இரண்டு நாள் முன்பே அது பூமியை நெருங்கிக் கடந்து, விலகிப் போய்க்கொண்டிருந்தது. சில வாரப் பாதையை வைத்து 2032-க்கு நீட்டினால் ஓர் இடம் கிடைக்காது. "இதற்குள் எங்காவது இருக்கும்" என்று ஒரு நீண்ட பட்டைதான் கிடைக்கும். பேச்சுக்கு, அந்தப் பட்டை பூமியைப் போல நூறு மடங்கு நீளம், பூமி அதற்குள் இருக்கிறது என்று வையுங்கள். வாய்ப்பு ஒரு சதவீதம். மேலும் அளக்க அளக்கப் பட்டை சுருங்கும். முப்பது மடங்காகச் சுருங்கியும் பூமி உள்ளேயே இருந்தால் வாய்ப்பு மூன்று சதவீதத்தைத் தாண்டும். ஆபத்து கூடவில்லை, பட்டைதான் குறைந்தது. இன்னும் சுருங்கி அதன் விளிம்பு பூமியைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு சட்டென்று விழும். 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தில் இருந்தது ஒரு வாரத்துக்குள் ஒன்றுமில்லாமல் போனது இப்படித்தான்.

அபோஃபிஸ் என்ற இன்னொரு சிறுகோள் விஷயத்திலும் இதே ஏற்றமும் வீழ்ச்சியும். 2004 டிசம்பரில் அதன் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது. காப்பாற்றியவை பழைய படங்கள்: அந்த மார்ச்சிலேயே வேறு படங்களில் யாரும் கவனிக்காமல் அது பதிவாகியிருந்தது. பாதை ஒரேயடியாகப் பல மாதம் பின்னோக்கி நீண்டது, 2029 மோதல் கணக்கிலிருந்து போனது. பிற்பாடு ரேடார் எதிரொலியால் தூரத்தையே நேரடியாக அளந்து, இன்னும் நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று 2021-ல் சொல்லிவிட்டார்கள்.

நிதிக்காகப் பயமுறுத்துகிறார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். எண்ணை மறைத்து வைத்தால் மற்ற தொலைநோக்கிகள் எதைத் தேடும்? பட்டை எப்படிச் சுருங்கும்? வெளிப்படையாகச் சொல்வது இந்த வேலையின் ஒரு பகுதி.

பாதை தெரிந்தாலும் பொருளைத் தெரியாது. மங்கலான புள்ளி, வெளிச்சத்தை நன்றாகத் திருப்பும் சிறு கல்லாகவும் இருக்கலாம், கரிநிறப் பெரிய கல்லாகவும் இருக்கலாம். ஒய்ஆர்4 முதலில் 40 முதல் 90 மீட்டர் என்றே கணிக்கப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அகச்சிவப்பில் அளந்த பிறகுதான் சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2008 டிசி3. அக்டோபர் 6 அன்று காட்டலினாவில் ரிச்சர்ட் கோவல்ஸ்கி கண்ட நாலு மீட்டர்க் கல் அது. ஒரு நாள்கூட ஆகவில்லை, சூடானின் நுபியப் பாலைவனத்துக்கு மேலே வெடித்தது. எங்கே, எப்போது என்று முன்பே சொல்லிவிட்டு விழுந்த முதல் கல். அந்தச் சில மணி நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அளவீடுகள் குவிந்தன. கனரித் தீவுகளிலிருந்து அதன் நிறமாலையையும், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவையும், எடுத்துவிட்டார்கள். பின்னர் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் பாலைவனத்தில் வரிசையாக நடந்து கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். மொத்தம் 10 கிலோவுக்கு மேல் கிடைத்தது. வானத்தில் நிறமாலையாகப் பதிவான அதே கல்லைக் கையில் எடுத்து ஆராய முடிந்தது அதுவே முதல் முறை.

சூரியன் பக்கமிருந்து வருவதை மட்டும் தரையிலிருந்து பார்க்க முடிவதில்லை. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர் மீது வெடித்த 20 மீட்டர்க் கல் அப்படி வந்ததுதான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், மோத வாய்ப்புள்ள சிறுகோள்களைத் தொகுக்கும் நாசாவின் சென்ட்ரி பட்டியலில் அந்தச் சிறுகோளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை அளவீடுகள், எத்தனை நாள் பின்தொடர்ந்தார்கள் என்று போட்டிருக்கும். பத்து நாள் என்றிருந்தால் அந்தச் சதவீதம் இன்னும் மாறும். உங்கள் நண்பர்களுக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அன்புடன்