மாதா இன்னும் பார்த்து முடிக்கவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கின் திருவிழா மலர் அட்டைக்கு, ஜெரோம் நடால் என்ற சேசுசபைக் குருவின் பழைய தியான நூலிலிருந்து மங்கள வார்த்தைப் படத்தை, அதாவது கபிரியேல் தூதர் மாதாவுக்குச் செய்தி சொல்லும் காட்சியை, எடுத்திருக்கிறேன். படம் முழுக்க ஏ, பி, சி என்று எழுத்துகள். உயிரியல் நோட்டு மாதிரி இருக்கிறது, பக்தியே வரவில்லை. கணினியில் அழித்துவிடலாமா? இது மரச்செதுக்கா, செப்புத்தகடா? செதுக்கியவர்கள் துறவிகளா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

செப்புத்தகடு. துறவிகள் இல்லை, ஆன்ட்வெர்ப் நகரத்துக் கைவினைஞர்கள். அவர்களில் வீரிக்ஸ் சகோதரர்கள் மகா குடிகாரர்கள். அவர்களிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் குடிக்கடையில் தேடிப்பிடித்து, கடனை அடைத்து, அடகு வைத்த கருவிகளையும் மீட்டுத்தர வேண்டியிருக்கிறது என்று அச்சகர் பிளான்டின் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். உங்கள் அட்டைக் குழுவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

எழுத்துகளுக்கு வருகிறேன். எந்தத் துணிச்சலில் அழிக்கக் கிளம்பினீர்கள்? அழித்தால் மிஞ்சுவது ஒரு காலண்டர் படம். நடால் இறந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, 1593இல் வந்த நூல் அது. 153 படங்கள். படத்துக்குள் எழுத்து, கீழே அந்தந்த எழுத்துக்கு ஒரு வரி. கண் ஒரே தாவாகத் தாவிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

உங்கள் படத்தையே எடுங்கள். ஏ: மேலே சம்மனசுகளின் (வானதூதர்களின்) கூட்டம், கபிரியேல் தூதராக நியமிக்கப்படுகிறார். பி: நாசரேத்துக்கு வரும் கபிரியேல் காற்றிலிருந்து தனக்கு ஓர் உடலைப் பொருத்திக்கொள்கிறார். (காற்றால் ஆன உடல்! அந்த வரி இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?) ‘ஈ’ என்ற எழுத்து வந்தபிறகுதான் மாதாவின் அறைக்குள் நுழைகிறார். நீங்கள் அதோடு படத்தை மூடிவிட்டீர்கள். எஃப்: மனிதன் படைக்கப்பட்டதும் இதே நாளில். ஜி: தூரத்தில், பொடியாக ஒரு சிலுவை. கிறிஸ்து இறந்ததும் இதே நாளில், மார்ச் 25. மகன் கருவாகும் படத்திலேயே அவன் சாவும் இருக்கிறது. நீங்கள் அழிக்கப்போவது அதற்கு வழிகாட்டும் எழுத்தை.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபசுக்கால வெள்ளிக்கிழமைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் சுவரோரம் சிலுவைப்பாதைப் படங்கள் உள்ள பதினாலு ஸ்தலங்களையும் சுற்றுவாள். நாலாவதில், மகனும் தாயும் எதிர்ப்படும் இடத்தில், உபதேசியார் ஐந்தாவதுக்குப் போன பிறகும் நகரமாட்டாள். எனக்கு வெட்கமாக இருக்கும், இழுப்பேன். ஒருநாள் குனிந்து காதில் சொன்னாள்: “இருடா, மாதா இன்னும் அவரப் பாத்து முடிக்கல.”

படத்தைப் போடுங்கள், எழுத்துகளோடு. கீழே உள்ள லத்தீன் வரிகளையும் தமிழில் போடுங்கள், பங்குக்குரு உதவுவார். இடம் போதாது என்றால் நகைக்கடை விளம்பரத்தில் ஒன்றைக் குறையுங்கள்.