அண்டார்டிகாவுக்கு எந்தக் கப்பல்?

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. அலாஸ்கா, நார்வே இரண்டையும் பெரிய கப்பலில் பார்த்துவிட்டோம். அடுத்தது அண்டார்டிகா. ஏஜென்ட் மூன்று திட்டங்கள் தந்திருக்கிறார்: 3,000 பேர் போகும் கப்பல்; 190 பேருக்கான சொகுசுக் கப்பலில் 11 நாள்; விமானத்தில் போய்க் கப்பலேறும் 8 நாள் பயணம். இரண்டாவதில் மேல்தள பால்கனி கேபினை எடுக்கச் சொல்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. கடலில் குமட்டுமோ என்ற பயமும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?
- வாசகர், கோவை

பதில்: முதல் திட்டத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து ஒருவர்கூட அண்டார்டிகாவில் கரையிறங்க முடியாது. டெக்கில் நின்று பனியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அலாஸ்காவில் அதைச் செய்தாயிற்று.

சிறிய கப்பல்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 190 பேர் என்றால் இரண்டு குழு. ஒரு குழு கரையில் நடக்கும்போது மற்றது ஜோடியாக் எனும் ரப்பர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றிவரும், பிறகு மாறிக்கொள்வார்கள். இது நல்ல ஏற்பாடு. 400 பேர் கப்பலில் முறை வரும்வரை காத்திருக்கும் நேரம்தான் அதிகம். ஆகவே எந்த நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பயணத்தில் எத்தனை பயணிகள், எத்தனை ஜோடியாக்குகள், ஒரு நாளில் எத்தனை முறை வெளியே கூட்டிப்போவார்கள் என்பதுதான். சாப்பாட்டுக்கூடம் எத்தனை என்பதைப் பிறகு கேட்கலாம்.

11 நாள் என்றதும் 11 நாளும் அண்டார்டிகா என்று எண்ணிவிடாதீர்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் கப்பலேறுவது முதல் நாள் மாலை, இறங்குவது கடைசி நாள் காலை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே கொந்தளிக்கும் கடலான டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிஞ்சுவது ஐந்து நாள். அதிலும் காற்று வலுத்தால் ஒன்றிரண்டு இறக்கங்கள் ரத்தாகும். 9 நாள் பயணம் விலை குறைவாகத் தெரிந்தாலும் கரையில் கிடைப்பது மூன்றே நாள்.

மூன்றாவது திட்டம் டிரேக்கைத் தவிர்க்கிறது. சிலியின் புன்டா அரினாஸிலிருந்து அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். ஆனால் அங்கே மூடுபனியோ பலத்த காற்றோ இருந்தால் விமானம் கிளம்பாது; ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க நேரும். திரும்பும் விமானத்துக்கும் அதே கதிதான். அதனால் ஊர் திரும்பும் டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். குமட்டல் பயம் மட்டுமே காரணம் என்றால், இரண்டாவதைவிட்டு இதற்குப் போக வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. டிரேக்கில் நுழைவதற்கு முன்பே போட வேண்டும். ரத்த அழுத்தம், கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை எதாவது இருந்தால் எந்த மாத்திரை ஒத்துவரும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்கு இன்னொரு மருந்து கேபின். அலையில் கப்பலின் உச்சியும் இரு முனைகளும்தான் அதிகம் ஆடும். நடுப்பகுதியின் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஏஜென்ட் சொல்லும் மேல்தள பால்கனி வேண்டாம். கடல் கொந்தளித்தால் பால்கனிக் கதவைத் திறக்கவிட மாட்டார்கள், திமிங்கிலம் தென்பட்டால் எல்லோரும் டெக்குக்குத்தான் ஓடுவார்கள். கீழே நடுவில் ஜன்னல் உள்ள கேபினை எடுத்து, மிச்சப் பணத்தில் இரண்டு நாள் நீளமான பயணமாகப் பாருங்கள்.

முழங்காலைத்தான் உண்மையில் யோசிக்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, ஆடும் ஜோடியாக்கின் விளிம்பில் ஒரு கால் வைத்து, பிறகு உள்ளே இறங்க வேண்டும். மாலுமி உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். விரல்களை மட்டும் கோத்தால் நழுவிவிடும். கரையில் மேடை கிடையாது. படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, இரு கால்களையும் தூக்கி வெளிப்பக்கம் போட்டு, கணுக்காலுக்கு மேல் நிற்கும் தண்ணீரில் இறங்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையை ஊன்றி இரு கால்களையும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போட உங்கள் மனைவியால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தைரியமாகப் போகலாம். பனியில் கால் புதையும், கூழாங்கல் வழுக்கும். நடைக்கோல் இரண்டு அவசியம். கரையிறங்க முடியாத நாளில் படகுச் சுற்று மட்டும் போதும், அதுவும் அருமையாகவே இருக்கும்.

மாதம்: நவம்பரில் பனி தூய்மை, பெங்குயின்கள் இணைசேரும் காலம். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை குஞ்சுகள். திமிங்கிலங்களுக்கு பிப்ரவரி, மார்ச். உங்களுக்கு ஜனவரி பொருந்தும்; குளிரும் அப்போதுதான் குறைவு, பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். மேல்கோட்டும் ரப்பர் பூட்ஸும் பல கப்பல்களில் தருவார்கள். பூட்ஸ் அளவை முன்பே எழுதி அனுப்புங்கள். தண்ணீர் புகாத பேன்ட்டை நீங்களே வாங்க வேண்டும். பறவைக் காய்ச்சல் அந்தப் பக்கம் பரவிய பிறகு பெங்குயின் கரைகளில் தரையில் உட்காரவோ மண்டியிடவோ விடுவதில்லை. நடந்து ஓய்ந்தால் உட்காரலாம் என்ற எண்ணத்தோடு இறங்காதீர்கள்.

காப்பீட்டில் ஏமாறாதீர்கள். பாலிசியில் அண்டார்டிகாவும், அவசர மருத்துவ வெளியேற்றமும் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். முழங்கால் வலியை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

உஷுவாயாவுக்குப் போகும் வழியில், அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் இறங்குவது எசேசா நிலையம். உஷுவாயா விமானம் பல நேரம் கிளம்புவது நகருக்குள் இருக்கும் இன்னொரு நிலையத்திலிருந்து. ஒரே நாளில் இரண்டையும் கோக்காதீர்கள். கப்பல் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே உஷுவாயாவில் இருந்துவிடுங்கள், பெட்டி தாமதமானாலும் வந்து சேரும்.

விசாவோடு மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் சேர்த்துப் பாருங்கள். அர்ஜென்டினா அந்த நோய்க்கான நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்று இல்லாமல் இந்தியா திரும்புவோரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகே சான்று செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போகும் முன் உங்கள் டாக்டரைப் பார்த்து, அவர் கையெழுத்தோடு போங்கள். அவர் ஊசி வேண்டாம் என்றால், சிலி வழியாகப் போகும் மூன்றாவது திட்டத்தை அப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள்.