பலகையைக் கழற்றும் முன்: மரத்தரை பற்றிக் கேள்வி பதில்

மரத்தரை போடுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். தரையை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தரை முழுக்கக் கீறல். பாலிஷ் போய் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

அவசரப்படாதீர்கள். கீறலும் வெளுப்பும் பெரும்பாலும் மேல் பூச்சோடு நின்றுவிடும். முழு மரப் பலகை என்றால் வழக்கமாக முக்கால் அங்குலம், சுமார் 19 மி.மீ. கனம் இருக்கும். ஒரு தடவை இயந்திரம் வைத்துத் தேய்த்தால் அதில் கொஞ்சம்தான் போகும். பார்க்க வேண்டியது மொத்தக் கனத்தை அல்ல. பலகையின் ஓரத்தில் அடுத்ததோடு கோத்துக்கொள்ள ஒரு நாக்கு இருக்குமே, அதற்கு மேலே எவ்வளவு மரம் மிச்சம் என்று பாருங்கள். வாசற்கால் ஓரத்துப் பட்டையைக் கழற்றினால் குறுக்குவெட்டு தெரியும். மறைந்திருந்த ஆணித் தலைகள் மேலே தெரிய ஆரம்பித்துவிட்டால் தேய்க்க மரம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதுவரை தேய்த்துப் புதுப் பூச்சுக் கொடுங்கள். நல்ல மரத்தைக் குப்பையில் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கும்.

கேள்வி: சமையலறைப் பக்கம் பலகைகள் ஓரம் தூக்கி, நடுவில் குழிந்து கிடக்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா?

மாற்றுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிக ஈரம் குடித்தால் அடி விரியும், ஓரங்கள் எழும்பும். சுவருக்குள் கசியும் குழாய், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இணைப்பு, காற்றோட்டம் இல்லாத அடித்தளம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கசிவை நிறுத்திவிட்டுக் காயவிடுங்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ பல பலகைகள் தாமாகவே படிந்துவிடும்.

மேடாக இருக்கிறதே என்று உடனே தேய்த்துச் சமன் செய்யாதீர்கள். ஈரத்தில் எழும்பிய ஓரத்தைச் சீவிவிட்டால், காய்ந்த பிறகு ஓரம் தாழ்ந்து நடு மேடாகும். அப்புறம் அதைச் சரிசெய்வது இன்னும் கஷ்டம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் கசிவைத் தேடாமலே புதுப் பலகை அடித்துவிட்டேன். சில மாதத்தில் அதே இடம் அதே மாதிரி எழும்பி நின்றது. என் செலவில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஈரமானி இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை.

கேள்வி: புதுப் பலகைக் கட்டுகள் வந்து இறங்கிவிட்டன. எத்தனை நாள் வீட்டுக்குள் வைத்திருந்துவிட்டுப் போட வேண்டும் அண்ணா?

நாளை எண்ணாதீர்கள், ஈரத்தை அளங்கள். பலகைக்கும் அடித்தளப் பிளைவுட்டுக்கும் உள்ள ஈர வித்தியாசம், 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள பலகைக்கு 4 சதவீதப் புள்ளிக்குள் இருக்க வேண்டும். அதைவிட அகலம் என்றால் 2. பூச்சு வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகே கட்டுகளை உள்ளே கொண்டுவாருங்கள். ஈரச் சுவர்களுக்கு நடுவே வைத்தால் மரம் அந்த ஈரத்தைத்தான் குடிக்கும்.

கேள்வி: சுவரோரம் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அது சரியா?

சரிதான். மரம் விரிய இடம் வேண்டும். ஓரப் பட்டை வந்து அதை மூடிவிடும்.

கேள்வி: வீட்டில் இரண்டு பெரிய நாய்கள். எந்த மரம் தாங்கும்?

மரத்தின் கடினத்தை ஜான்கா எண்ணால் சொல்வார்கள். வால்நட் 1010, சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, ஹிக்கரி 1820. எண் கூடினால் பள்ளம் விழுவது குறையும். ஆனால் நகக் கீறல் விழுவது பூச்சின் மேல். எவ்வளவு கடின மரமானாலும் அது விழத்தான் செய்யும். என்னைக் கேட்டால், ரேகை நன்றாகத் தெரியும் ஓக்கை எடுத்து, பளபளப்பு இல்லாத பூச்சுக் கொடுங்கள். கீறல் கண்ணில் படாது.

கேள்வி: பழைய பலகையை நானே பெயர்த்தேன். அடியில் 9 அங்குலச் சதுர ஓடுகளும் கறுப்புப் பசையும் இருக்கின்றன. சுரண்டி எடுக்கலாமா?

கை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் அந்த அளவு ஓட்டிலும் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டினால் நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கொடுத்து, முடிவு வரும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: எண்ணெய்ப் பூச்சு அடித்து முடித்தாயிற்று. துடைத்த துணிகளை என்ன செய்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி. பலர் மூலையில் குவித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். ஆளி விதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடு உண்டாகும். குவியலில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்து முழுக்கக் காயவிடுங்கள். இல்லையென்றால் மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதில் முக்கி வையுங்கள். இன்று இரவே செய்துவிடுங்கள்.