ஐபோன் 13க்கு எந்த வயர்லெஸ் சார்ஜர்?

வணக்கம் சகோதரரே. கல்முனைக் கடையில் நீங்கள் பார்த்த இரண்டு சார்ஜர்களின் பெட்டியிலும் 15 வாட் என்றிருந்தாலும், அவற்றில் ஒன்றான, காந்தமில்லாத சாதாரண கியூஐ (Qi எனும் வயர்லெஸ் சார்ஜ் தரநிலை) தட்டில் உங்கள் ஐபோன் 13 ஏற்பது 7.5 வாட் வரைதான். ஆனால் போனில் ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 17.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், காந்தமுள்ள மற்றைய கியூஐ2 (Qi2, கியூஐயின் புதிய பதிப்பு) சார்ஜரில் 15 வாட் வரை கிடைக்கும். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். என்னிடமிருந்த காந்தமில்லாத தட்டில், இரவில் அழைப்பு வந்து போன் அதிர்ந்து விரலளவு நகர்ந்துவிட, போனிலும் தட்டிலும் உள்ள மின்சுருள்கள் ஒன்றுக்கொன்று விலகி, விடியும்போது பின்புறம் சூடாகவும் பற்றரி பாதியாகவும் இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். போன் நகராமல் காந்தம் பிடித்துக்கொள்வது நமது மட்டக்களப்பு, அம்பாறை வெக்கையில் மிக முக்கியம், ஏனெனில் சூடேறினால் போன் தானாகவே சார்ஜ் ஏறுவதைக் குறைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் அடாப்டர் இல்லையென்றால், 20 வாட் யூஎஸ்பி-சி அடாப்டரின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.