டொமஹாக் பயிற்சி விமானம்: கேட்டதும் சொன்னதும்

பைப்பர் நிறுவனத்தின் பிஏ-38 டொமஹாக், இரண்டு பேர் உட்காரும் அமெரிக்கப் பயிற்சி விமானம். 1978 மாடலாக வந்தது, 1982-ல் நிறுத்தினார்கள், மொத்தம் கிட்டத்தட்ட 2,500 செய்தார்கள். நிறையக் கேள்வி வந்ததால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில்.

சார், இதை "ட்ராமஹாக்" (ட்ராமா என்றால் பலத்த காயம்) என்று கேலி செய்கிறார்களே, அவ்வளவு ஆபத்தா?

பாதி சரி. அமெரிக்க விமான உரிமையாளர்-விமானிகள் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை கணக்குப் பார்த்தபோது, பறக்கும் மணிக்கணக்குப்படி செஸ்னா 150/152 என்ற போட்டிப் பயிற்சி விமானத்தை விட இதன் விபத்து விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. ஆனால் ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசை இழந்து) ஸ்பின்னில் (சுழன்றபடி) விழும் விபத்தை மட்டும் தனியாக எடுத்தால், அந்த நாட்டு விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி சொன்னது செஸ்னாவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு. அதாவது விழுவது குறைவு, விழுந்தால் பிழைப்பதும் குறைவு. கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது இரண்டாவதால்தான்.

பழகுகிறவன் ஓட்டும் விமானம் எதற்கு ஸ்பின்னுக்குப் போக வேண்டும்? சாதுவாகச் செய்திருக்கலாமே?

கேட்டு வாங்கியதுதான் தம்பி. வடிவமைக்கும் முன் பைப்பர் ஏராளமான பயிற்றுநர்களிடம் கருத்துக் கேட்டது. இப்போதிருக்கும் விமானங்கள் ரொம்பச் சாது, கையை விட்டாலே தானாக ஸ்பின்னிலிருந்து வெளியே வந்துவிடுகின்றன, பையன்கள் எதையும் கற்பதில்லை என்று அவர்கள் குறைபட்டார்கள். அதனால் முறைப்படி மீட்டால்தான் மீளும்படி இதைச் செய்தார்கள். என்னைக் கேட்டால் நோக்கத்தில் தப்பில்லை.

சிக்கல் அதற்கப்புறம். என்டிஎஸ்பி கண்டது என்னவென்றால், சான்றிதழுக்கான சோதனை முடிந்த பிறகு இறக்கையின் உள்ளே முழு ரிப்களின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) எண்ணிக்கையைக் குறைத்து, இறக்கையைத் தாங்கும் நீளச் சட்டமான முதன்மை ஸ்பாரிலும் எடை குறைக்க ஓட்டைகள் போட்டார்கள், ஆனால் மறுபடி சோதிக்கவில்லை. இதில் இருப்பது ஜிஏ(டபிள்யூ)-1 என்ற நாசா இறக்கை வடிவம். அதன் மேற்பரப்பு கொஞ்சம் நெளிந்தாலும் காற்றோட்டம் மாறிவிடும், இறக்கை இளகிப் போனதால் ஸ்டால் எப்படி வரும் என்று சொல்ல முடியாது என வடிவமைத்த பொறியாளர்களே வாரியத்திடம் சொன்னார்கள்.

அப்படியென்றால் ரிப் குறைந்ததுதான் காரணமா?

அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆள் செத்தது பெரும்பாலும் உயரம் இல்லாததால் என்பேன். எந்தச் சின்ன விமானமானாலும் கதை இதுதான்: இறங்குவதற்காகக் கடைசித் திருப்பம், ஐந்நூறு அடி போல இருக்கும், பின்காற்று தள்ளியதில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோம். கூடுதலாகச் சாய்க்கப் பயம், அதனால் மூக்கைத் திருப்ப உள்பக்க ரடரை (வாலில் இருக்கும் திருப்புப் பலகை) மிதிக்கிறோம். மூக்கு கீழே போகிறது, ஸ்டிக்கை இழுக்கிறோம். சாய்வு கூடுகிறது, எதிர்ப்பக்கம் எய்லரான் (சாய்வைக் கட்டுப்படுத்தும் இறக்கைப் பலகை) கொடுக்கிறோம். அவ்வளவுதான், உள்பக்க இறக்கை சட்டென்று சரிந்து ஸ்பின் தொடங்கிவிடும். உயரத்தை இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் ஸ்டால்) ஏறக்குறைய 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். ஸ்பின்னில் ஒவ்வொரு சுற்றுக்கும் சில நூறு அடி போகும், மீட்கத் தெரிந்தவனுக்கும் அங்கே இடமில்லை.

ஸ்டால் பழகும்போது திரும்பிப் பார்த்தேன், வால் ஆடுகிறது. கழன்று விடுமா?

திரும்பிப் பார்க்காதீர்கள். டொமஹாக்கின் வால் அப்படித்தான் ஆடும், பயிற்றுநர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே.

பேசாமல் செஸ்னா 152-க்கே போய்விடலாமா?

போகலாம், ஆனால் அதற்கும் ஒரு கதை உண்டு. 1998-ல் கனடாவின் கியூபெக்கில் ஸ்பின் பயிற்சியின்போது ஒரு 152-ன் ரடர் முழுத் திருப்பத்தையும் தாண்டிப் போய் அப்படியே சிக்கிக்கொண்டது. அதன் பிறகு அமெரிக்காவில் 2009-ல் வந்த உத்தரவு, ஒன்று ரடர் எல்லை தாண்டாமல் தடுக்கும் புது ரடர் ஸ்டாப் மாட்டு, இல்லையேல் ஸ்பின் கூடாது என்று காக்பிட்டில் எழுதி ஒட்டு என்றது.

நம் விமானப்படையின் தீபக் விமானமும் இதே கேஸ்தானா?

இல்லை. எச்பிடி-32 தீபக்கில் வலி எஞ்சினில். பறக்கும்போதே நின்றுவிடும், நின்றால் நன்றாக மிதக்கவும் மிதக்காது, கல் மாதிரி இறங்கும். 17 விபத்துகளில் 19 பேர் போனார்கள். ஹைதராபாத் அருகே 2009 ஜூலையில் இருவர் இறந்த பிறகுதான் ஓரங்கட்டினார்கள், அந்த இடத்துக்கு சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் வந்தது. இவ்வளவு தாமதித்ததற்கு எனக்குச் சமாதானமே கிடைக்கவில்லை.

டொமஹாக் இருக்கும் கிளப்பில் சேரப் போகிறேன். என்ன பார்க்கணும் அண்ணா?

இறக்கையின் முன்விளிம்பைத் தடவிப் பாருங்கள். உடம்பை ஒட்டிய பகுதியில் கூடுதலாக ஒரு ஜோடி ஸ்டால் ஸ்ட்ரிப் (ஸ்டாலைச் சீராக்கும் சின்னப் பட்டை) இருக்க வேண்டும், 1983 உத்தரவு அது. ஸ்பாருக்கு 11,000 மணிநேரம்தான் ஆயுள், லாக் புக்கில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். எடைக் கணக்கையும் நீங்களே போடுங்கள், இரண்டு பெரிய ஆட்களும் முழு டேங்கும் இதில் சேராது. கடைசியாக, பயிற்றுநர் இதே விமானத்தில் ஸ்பின் மீட்டுப் பழகியவரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.