வாசகர் கேள்விகள்: லித்தியம் என்றால் எந்த லித்தியம்?

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போனேன். ஒரு கடையில் "எங்களுடையது எல்எஃப்பி, தீப்பிடிக்காது" என்கிறார்கள். அடுத்த கடையில் "என்எம்சிதான் சார் மைலேஜ் தரும்" என்கிறார்கள். இரண்டுமே லித்தியம்தானே?
(விருதுநகர் வாசகர்)

பதில்: அரிசிக் கடையில் போய் "அரிசி கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார் இல்லையா, அதே கதைதான் இதுவும். இரண்டு ரகத்திலும் லித்தியம் அயனிகள்தான் பிளஸ் பக்கத்துக்கும் மைனஸ் பக்கத்துக்கும் இடையே போய் வருகின்றன. மைனஸ் பக்கம் பெரும்பாலும் கிராஃபைட், பென்சிலில் இருக்கிற அதே சரக்கு. வித்தியாசம் பிளஸ் பக்கத்தில். என்எம்சி என்றால் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடு. எல்எஃப்பி என்றால் இரும்பு பாஸ்பேட்.

என்எம்சியைச் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதுவே ஆக்சிஜனை வெளியே விடும். உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள் சேர்ந்துவிட்டால் வெளியிலிருந்து காற்றுகூட வேண்டாம், அதனால்தான் இந்தத் தீயை அணைப்பது அவ்வளவு கஷ்டம். எல்எஃப்பியில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது, லேசில் விடாது. "தீயே பிடிக்காது" என்று கடைக்காரர் சொல்வது கொஞ்சம் ஓவர். அதே எரியும் திரவம்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் தப்புவதற்கு நேரம் அதிகம் கிடைக்கும்.

எடைக்கு எடை பார்த்தால் என்எம்சியில் கூடுதல் மின்சாரம் அடங்கும், அதனால் அடுத்த கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. தினமும் 30, 40 கிலோமீட்டர்தான் ஓட்டம், வண்டி வெயிலில்தான் நிற்கும் என்றால் நான் எல்எஃப்பி பக்கம். எதை வாங்கினாலும் ஏஐஎஸ் 156 திருத்தங்களுக்குப் பிறகு வந்த பேட்டரியா என்று கேளுங்கள். 2022இல் வரிசையாக ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு கடுமையாக்கப்பட்ட பேட்டரிப் பாதுகாப்பு விதி அது.

கேள்வி: லித்தியம் பேட்டரியைக் கண்டுபிடித்தது சோனி கம்பெனியா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: 1991இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி. கண்டுபிடிப்பு அதற்கு முன்னாலேயே, பல கை மாறி நடந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆரம்பித்து வைத்தது ஒரு பெட்ரோல் கம்பெனி. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் எக்ஸான் பயந்துபோய் மாற்று எரிசக்தியில் பணம் போட்டது. அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்பைடையும் உலோக லித்தியத்தையும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். ஓடியது, ஆனால் சார்ஜ் ஏற்ற ஏற்ற லித்தியம் மீசை மாதிரி முளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிடும், உடனே ஷார்ட், தீ. எண்ணெய் விலை இறங்கியதும் கம்பெனிக்கும் ஆர்வம் போய்விட்டது.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் குழு பிளஸ் பக்கத்துக்கு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து 4 வோல்ட் எடுத்தது. (அதற்குக் காப்புரிமை எடுக்க ஆக்ஸ்ஃபோர்டு முன்வரவில்லை. இப்போது நினைத்து வயிறு எரியாமலா இருப்பார்கள்?) ஜப்பானில் அசாஹி காசே என்ற கம்பெனியில் அகிரா யோஷினோ 1985இல் மைனஸ் பக்கத்தில் உலோக லித்தியத்தையே தூக்கிவிட்டு பெட்ரோலியம் கோக்கை வைத்தார். பிறகு அந்த பேட்டரி மேல் இரும்புக் குண்டைப் போட்டுப் பார்த்தார். நசுங்கியது, ஆனால் எரியவில்லை. அதே குண்டைப் பழைய உலோக லித்தியம் பேட்டரி மேல் போட்டால் தீப்பற்றியது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது குட்எனஃபுக்கு வயது 97.

கேள்வி: இதில் தமிழர் பங்கு ஏதாவது உண்டா, இல்லை சும்மா வாட்ஸ்அப் பெருமையா?
(அதே கும்பகோணம் வாசகர்)

பதில்: இந்தத் தடவை வாட்ஸ்அப்பை நம்பலாம். ஆறுமுகம் மந்திரம், தென்தமிழ்நாட்டு அமராபுரம் கிராமத்துக்காரர், மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, 1980களில் குட்எனஃபிடம் போய்ச் சேர்ந்தவர், அவரோடு டெக்சாஸுக்கும் சென்றவர். இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் இரும்பு ஆக்சைடில் வோல்டேஜ் 2.5ஐக்கூடத் தாண்டாது. ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போட்டால் அதே இரும்பு 3.6 வோல்ட் தருகிறது என்று இருவரும் காட்டினார்கள். அந்த வழியில் போய்த்தான் அதே டெக்சாஸ் ஆய்வுக்கூடத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகியோர் குட்எனஃபுடன் சேர்ந்து 1997இல் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். விருதுநகர் வாசகர் கேட்டாரே, அந்த எல்எஃப்பி இதுதான். ஆரம்பத்தில் மின்சாரம் சரியாகக் கடத்தாத மந்தமான பொருள் அது. துகளை மிகச் சிறியதாக்கி, மேலே கார்பன் பூசிய பிறகுதான் வேலைக்கு ஆனது. அப்புறம் சீனக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2021இல் டெஸ்லாவே தன் குறைந்த தூர மாடல்களை அதற்கு மாற்றியது. 2019இல் ஸ்டாக்ஹோமில் குட்எனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் மேடையேறி நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

கேள்வி: ஸ்கூட்டர் வாங்கி மூன்று வருடம். 80 கிலோமீட்டர் போனது இப்போது 45இல் நின்றுவிடுகிறது. பேட்டரி மொத்தமும் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். நிஜமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: எனக்கும் போன வருடம் இதையேதான் சொன்னார்கள், நானும் முக்கால்வாசி நம்பிவிட்டேன். பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டைவிரல் அளவில் பச்சை உறை போட்ட உருளைகள், ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், தலையில் நிக்கல் பட்டை வைத்து ஒட்டி 14 கூட்டமாகக் கோத்திருந்தது. மீட்டரை ஒவ்வொரு கூட்டமாக வைத்துக்கொண்டே வந்தார். 3.9, 3.9, 3.9... ஒன்பதாவதில் 3.4. "இது ஒண்ணு படுத்தா மொத்தமும் படுத்துரும் சார்" என்றார். விஷயம் அவ்வளவுதான். தொடராகக் கோத்திருப்பதால் ஒரு கூட்டம் காலியானதும் மற்றதில் சார்ஜ் மிச்சமிருந்தாலும் காவலுக்கு இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் வோல்டேஜ் எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுபோல இறங்கியிருந்தால் உண்மையிலேயே வயதாகிவிட்டது. வாரண்டி இருந்தால் வெளியாளைத் திறக்க விடாதீர்கள், வீட்டில் நீங்களே ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாதாமே?
(ஓசூர் வாசகி)

பதில்: என்எம்சி என்றால் தினப்படிக்கு 80 நல்லது, வெளியூர் போகும் அன்று 100 போடலாம். எல்எஃப்பிக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். சொல்லப்போனால் அதை வாரம் ஒருமுறை முழுதாக ஏற்றுவது நல்லது, ஏனென்றால் அதன் வோல்டேஜ் வெகுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும், அதைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் கணிக்க முடியாமல் மீட்டர் தப்பாகக் காட்ட ஆரம்பிக்கும். வெயிலில் ஓட்டிவிட்டு வந்ததும் சொருகாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும்.

கேள்வி: சாலிட் ஸ்டேட் பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?
(தாம்பரம் வாசகர்)

பதில்: விட்டிங்ஹாம் காலத்தில் கைவிட்ட உலோக லித்தியத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிதான் அதில் பாதி, திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைத்து அந்த மீசையைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அதையும் துளைத்துக்கொண்டு முளைக்கிறது, அதுதான் இழுத்தடிக்கிறது. டொயோட்டா 2027, 2028 என்று சொல்லி வருகிறது. இதற்கிடையே சாதா லித்தியம் பேட்டரியே கிலோவாட் மணிக்கு 2010இல் 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2024இல் சராசரி 115 டாலருக்கு வந்துவிட்டது. புதிது வந்தாலும் முதலில் போவது விலை உயர்ந்த கார்களுக்கு, நம் ஸ்கூட்டருக்கு வர நாளாகும். வண்டி தேவை என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள்.