மீனுக்கு ஒரு காசு, சமைக்க ஒரு காசு

கேள்வி: குடும்பத்தோடு மணிலா போயிருந்தபோது ஒரு ‘டம்பா’வில் சாப்பிட்டோம். பக்கத்துச் சந்தையில் நாமே இறால், நண்டு, மீன் வாங்கிக் கொடுத்தால் உணவகத்தில் சமைத்துத் தருவார்கள். கடைசியில் வந்த பில், மீன் வாங்கிய காசையே தொட்டுவிட்டது. சர்வீஸ் சார்ஜ் வேறு. பக்கத்து மேஜைப் பெரியவருக்குத் தள்ளுபடி உண்டு, 68 வயதாகும் என் மாமனாருக்கு இல்லையாம். ஏமாந்துவிட்டோமா?
— வாசகி, கோவை

பதில்: தள்ளுபடியில் ஏமாற்று இல்லை. பிலிப்பைன்ஸில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்களுக்கு உணவகங்களில் 20 சதவீதத் தள்ளுபடியும் 12 சதவீத வாட் வரிவிலக்கும் சட்டப்படி உண்டு. ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான்.

சர்வீஸ் சார்ஜும் முறையானதே. அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று 2019இல் சட்டம் வந்துவிட்டது. அதனால் அதற்கு மேல் டிப்ஸ் வைக்காவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

உங்கள் பில் ஏறியது சமையல் கூலியில்தான் இருக்கும். வாங்கிக் கொடுத்ததைச் சமைத்துத் தருவதை ‘பலூத்தோ’ என்பார்கள். அதற்கான கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. செய்முறைக்குத் தகுந்தபடி கூடும், குறையும். ஆவியில் வேகவைக்கக் குறைவு, பூண்டு வெண்ணெயில் புரட்டினால் அதிகம். ஒரே மீனில் தலையைப் புளிப்பான சினிகாங் சூப்புக்கும் சதையைச் சுடவும் கொடுத்தால் இரண்டு கூலி. சோறும் ஜூஸும் தனி. அரைக் கிலோ கொடுத்தாலும் ஒரு கிலோ கூலியா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மீனை உள்ளே அனுப்பும் முன் எடை, செய்முறை, கூலி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். வரிசையாகக் கடைகள் இருக்கும்.

அப்புறம், எடை. நண்டைக் கட்டிய தடித்த கயிறும், இறால் பையில் தேங்கிய தண்ணீரும் மீன் விலைக்கே நிறுக்கப்படும். தண்ணீரை வடித்த பிறகே தராசில் வைக்கச் சொல்லுங்கள். பொதுச் சந்தைகளில் ‘டிம்பாங்கான் நங் பாயன்’ என்ற பொதுத் தராசு இருக்கும்; வாங்கியதை அங்கே மறுபடி நிறுத்துப் பார்க்கலாம்.

இப்போது உங்களிடம் பில் இருந்தால், கடையில் எழுதிப்போட்ட கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக வாங்கியிருந்தால் அந்நாட்டு வர்த்தக, தொழில் துறையிடம் புகார் செய்யலாம். அந்தக் கூலிப் பட்டியலின் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். எடை குறைந்தது என்பதை மட்டும், சமைத்துச் சாப்பிட்ட பிறகு நிரூபிக்க வழியில்லை.